‘அடுத்த வாரம் வாங்க’

ஆவணி பிறந்துவிட்டால் பொம்மை செய்கிறவர்களின் கைப்பேசி ஓய்வதில்லை. மதுரையை அடுத்த விளாச்சேரியிலும் பண்ருட்டியிலும் காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவிலும் புதுச்சேரி வில்லியனூரிலும் இதுதான் நிலைமை. “நம்ம பொம்மை ரெடியாயிடுச்சா?” என்று கேட்பார்கள். “அடுத்த வாரம் வாங்கம்மா” என்று பதில் வரும். அடுத்த வாரம் போனால், அந்தப் பொம்மை இன்னும் சூளைக்கே போயிருக்காது. வாங்க வந்தவர் முகம் சுருங்கும். “இவங்க எப்பவுமே இப்படித்தான்” என்று சொல்லிக்கொண்டே படியிறங்குவார். தச்சர், தையற்காரர், நகை ஆசாரி, கொத்தனார் என்று கையால் வேலை செய்கிற எல்லோர் மீதும் நம் ஊரில் இந்தக் குறை உண்டு; சொன்ன தேதிக்குத் தர மாட்டார்கள் என்கிற குறை. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அந்தப் பொய்த் தேதி எப்படிப் பிறக்கிறது, அதில் நம் பங்கு எவ்வளவு என்பதை நாம் யோசிப்பதில்லை. கொலுவுக்கென்று சொல்லிச் செய்யப்படும் பொம்மைகளை முன்வைத்து அதை யோசித்துப் பார்க்க விரும்புகிறேன்.

மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் நவராத்திரிக்கு முன் பரப்பி வைக்கப்படும் பொம்மைகளில் பெரும்பாலானவை அச்சில் வார்த்தவை. முதலில் ஒரு சிற்பி மண்ணில் மூல உருவத்தைச் செய்வார். அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி அச்சு எடுப்பார்கள். அச்சுக்குள் பிசைந்த மண்ணையோ காகிதக் கூழையோ அழுத்தி, முன்பாதியும் பின்பாதியுமாக எடுத்து ஒட்டினால் உருவம் வந்துவிடும். அந்த ஒரு மூல உருவத்துக்கு ஆன உழைப்பு, அதிலிருந்து வரும் நூற்றுக்கணக்கான பொம்மைகளின் விலையில் பங்கிடப்படுகிறது. வளைகாப்பு செட்டும் கல்யாண செட்டும் கிரிக்கெட் செட்டும் நம் கைக்கு எட்டும் விலையில் கிடைப்பதற்கு அதுதான் காரணம். எத்தனை பொம்மை எத்தனை நாளில் வரும் என்று அங்கே கணக்குப் போட முடியும். அந்தக் கை அதே உருவத்தைப் பலமுறை எடுத்துப் பழகியது.

சொல்லிச் செய்யும் பொம்மை வேறு வகை. காலமான தாத்தாவும் பாட்டியும் ஊர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்க வேண்டும். தாத்தா கையில் செய்தித்தாள், பாட்டி பக்கத்தில் வெற்றிலைச் செல்லம். இப்படி ஒரு பொம்மை எந்தக் கடையிலும் இல்லை. அதற்கு அச்சும் இல்லை. ஒரே ஒரு பொம்மைக்கு அச்சு எடுப்பதில் பொருளும் இல்லை. முழுக்கக் கையால்தான் உருவாக்க வேண்டும். கொடுத்த படமோ பெரும்பாலும் அடையாள அட்டைக்கு எடுத்த ஒன்று. நேராகப் பார்க்கும் முகத்தில் மூக்கின் உயரம் தெரியாது, தாடையின் பக்கவாட்டு வளைவு தெரியாது, அவர் உட்காரும்போது தோள் எப்படிச் சரியும் என்பது தெரியாது. தான் ஒருநாளும் பார்த்திராத மனிதரை, அவரைத் தினமும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் “அப்பாவேதான்” என்று சொல்லும்படி செய்ய வேண்டும். அந்தக் கலைஞருக்கு அது முதல் முறை. கடைசி முறையும் அதுவே. இதற்கு எத்தனை நாள் ஆகும் என்று கேட்டால், நேர்மையான விடை “செய்து பார்த்தால்தான் தெரியும்” என்பதுதான்.

கையால் செய்த உருவத்தை அப்படியே திண்மமாகச் சூளையில் வைக்க முடியாது. உள்ளே குடைந்து மண்ணை எடுத்து, சுவரின் கனம் எங்கும் சீராக இருக்கும்படி செய்ய வேண்டும். மண் உலரும்போது சுருங்கும். மண்ணின் தன்மையைப் பொறுத்து, ஓரடி உயரப் பச்சை மண் உருவம் உலர்ந்து வெந்து வரும்போது ஏறக்குறைய ஓர் அங்குலம் குறைந்திருக்கக்கூடும். இந்தச் சுருக்கம் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் நடந்தால் தொல்லை இல்லை. விரல் மெல்லியது, சீக்கிரம் காயும். உடம்பு கனமானது, மெதுவாகக் காயும். காய்ந்துவிட்ட விரலைக் காயாத உள்ளங்கை இழுக்கும். சேருமிடத்தில் விரிசல் விடும். அதனால்தான் மெல்லிய பகுதிகளில் ஈரத்துணி சுற்றி, வெயில் படாமல் நிழலில் வைத்து, மொத்த உருவமும் ஒன்றாகக் காயும்படி பார்த்துக்கொள்கிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒரு மூலையில் கிடக்கிற பொம்மை. ‘சும்மாதானே வச்சிருக்காங்க’ என்று தோன்றும். அந்த நாட்களில் ஒரு விரலின் ஈரத்துணியை நனைக்க மறந்தால் அந்தக் கையே போய்விடும்.

காய்ந்த பிறகு சூளை. உள்ளே துளி ஈரம் தங்கியிருந்தாலும் 100 டிகிரியில் அது நீராவியாகி, வெளியேற வழியில்லாமல் மண்ணை வெடிக்க வைக்கும். அதைத் தாண்டினாலும் ஆபத்து முடிவதில்லை. களிமண்ணில் கலந்திருக்கும் படிகக்கல் துகள்கள் 573 டிகிரி செல்சியஸில் தம் உள்கட்டமைப்பை மாற்றிக்கொண்டு சட்டென்று விரியும். ஆறும்போது அதே இடத்தில் சட்டென்று சுருங்கும். தீயை அவசரமாக ஏற்றினாலும் சூளையை அவசரமாகப் பிரித்தாலும் அங்கேதான் கீறல் விழும். பொம்மை செய்கிறவர்கள் இந்த எண்ணைச் சொல்ல மாட்டார்கள். ஆனால் “சூடு ஆறாம கை வைக்கக் கூடாது” என்பதை அப்பன் பாட்டனிடம் கேட்டு வைத்திருக்கிறார்கள். இன்னொன்றும் உண்டு. ஒரு பொம்மைக்காக யாரும் சூளை மூட்டுவதில்லை. விறகுக்கும் வைக்கோலுக்கும் ஆகும் செலவு அப்படி. சூளை நிறையும் அளவுக்கு மற்ற வேலைகள் சேரும் வரை, ஆர்டர் பொம்மை காய்ந்து தயாராக இருந்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும். வெந்து வந்த பிறகு வெள்ளைப் பூச்சு, அது காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பு, மறுபடி பூச்சு, பிறகு உடல் நிறம், உடை, நகை, கடைசியாகக் கண். ஈரக்காற்று வீசும் நாளில் ஒவ்வொரு பூச்சும் காய இரட்டிப்பு நேரம் பிடிக்கும்.

இந்த வேலைகளை ஆண்டின் மாதங்களோடு பொருத்திப் பார்த்தால், வாங்குபவர் காலமும் செய்பவர் காலமும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பது புரியும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. மண் காயாது, சூளை எரியாது. மண்பாண்டத் தொழிலாளர்களுக்குத் தமிழக அரசு மழைக்கால நிவாரணம் தருவதே அந்த மாதங்களில் இந்தத் தொழில் நடக்காது என்பதை ஒப்புக்கொள்வதுதான். மார்கழிப் பனி விலகித் தை பிறந்த பிறகுதான் வேலைக்கு ஏற்ற வெயில் கிடைக்கும். தையிலிருந்து ஆனி வரைக்கும்தான் மண்ணில் உருவம் செய்யும் காலம். ஆடிக்கு மேல் வண்ணம் தீட்டுவதும் மூட்டை கட்டுவதும் அனுப்புவதும். ஆவணியில் விநாயகர் சதுர்த்தி குறுக்கே வருகிறது; கொலு பொம்மை செய்யும் அதே கைகள்தான் பிள்ளையாரையும் செய்கின்றன. நவராத்திரி முடிந்தால் அகல் விளக்கு. விளாச்சேரியில் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளும் செய்கிறார்கள். நமக்குக் கொலு நினைவு வருவது ஆவணியில். அப்போது படத்தை அனுப்பி, “நவராத்திரிக்கு இன்னும் ஒரு மாசத்துக்கு மேல இருக்கே” என்கிறோம். நம் நாட்காட்டியில் இருக்கிறது. அவர் நாட்காட்டியில் ஆண்டே முடிந்துவிட்டது.

மண் கிடைப்பதும் எளிதாக இருந்ததில்லை. ஏரியிலும் கண்மாயிலும் களிமண் எடுப்பதற்கான அனுமதிக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வரை போக வேண்டியிருந்தது. 2024-இல் விதியைத் திருத்தி, வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று அரசு எளிதாக்கியது. ஆனாலும் கண்மாயில் நீர் நிற்கும் வரை மண் கிடையாது. நல்ல மழை பெய்த ஆண்டில் ஊர் மகிழும். பொம்மை செய்கிறவர் அடுத்த பருவத்து மண்ணுக்கு எங்கே போவது என்ற கவலையில் இருப்பார்.

மண்ணைவிடக் கடுமையானது உலோகம். சுவாமிமலையில் ஒரு சிறு படிமத்தைச் சொல்லிச் செய்பவர்கள் இதை நன்றாக அறிவார்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் நிலக்கடலை எண்ணெயும் கலந்து, ஓலையில் மடித்தெடுத்த அளவின்படி உருவத்தை மெழுகில் செய்கிறார்கள். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணை அடுக்கடுக்காகப் பூசி நிழலில் உலர்த்துகிறார்கள். சூடாக்கினால் மெழுகு உருகி வெளியேறும். உள்ளே உருவத்தின் வெற்றிடம் மட்டும் இருக்கும். அதில் உருகிய உலோகத்தை ஊற்றி, ஆறிய பிறகு மண்ணை உடைக்கிறார்கள். உடைக்கும் வரை உள்ளே என்ன நடந்தது என்பது ஊற்றியவருக்கே தெரியாது. ஒரு விரல் நுனிக்கு உலோகம் போய்ச் சேராமல் இருந்திருக்கலாம். காற்றுக் குமிழ் தங்கி முகத்தில் குழி விழுந்திருக்கலாம். மெழுகு உருகிப் போயிற்று, மண் அச்சு உடைந்து போயிற்று. திரும்பிப் போய்ச் சரிசெய்ய எதுவும் மிச்சமில்லை. மீண்டும் மெழுகிலிருந்து தொடங்க வேண்டும். வார்ப்பு நன்றாக வந்தாலும், உளி கொண்டு நகையும் மடிப்பும் கண்ணும் செதுக்கி முடிக்கும் வேலை இனிமேல்தான். இப்படி ஒரு வேலைக்கு வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி என்று யாரால் நேரம் குறிக்க முடியும்?

குறிக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். அப்படியானால் ஏன் “அடுத்த வாரம்” என்கிறார்? இந்த இடத்தில்தான் நாம் நம்மைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பொம்மையின் கழுத்தில் விரிசல் விட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் அழைக்கிறார். கலைஞர் உள்ளதைச் சொன்னால் என்ன ஆகும்? “விரிசல் விட்டுடுச்சும்மா, மறுபடி பண்ணிட்டிருக்கேன், எப்ப முடியும்னு சொல்ல முடியல.” இதைக் கேட்டு “சரிங்க, நல்லபடியா பண்ணுங்க” என்று சொல்கிறவர் நம்மில் எத்தனை பேர்? பெரும்பாலும் வருகிற பதில், “அப்படின்னா அட்வான்ஸைத் திருப்பிக் குடுங்க” என்பதுதான். அந்த அட்வான்ஸ் எப்போதோ மண்ணாகவும் விறகாகவும் பெயிண்டாகவும் வீட்டு அரிசியாகவும் மாறிவிட்டது. திருப்பித் தர அவரிடம் பணம் இல்லை. உண்மை சொன்னால் பணத்தையும் பெயரையும் இழப்பார். பொய் சொன்னால் ஒரு வாரம் கிடைக்கும். அவர் ஒரு வாரத்தை எடுத்துக்கொள்கிறார். நம் கேள்வியில் தேதி என்ற ஒற்றை விடைக்கு மட்டும்தான் இடம் விட்டிருக்கிறோம். அந்த இடத்தில் எதையாவது எழுதித்தானே ஆக வேண்டும்.

ஆகவே பொறுமையின் பயன் நம் மன அமைதியோடு நின்றுவிடுவதில்லை. பொறுமையுள்ள வாடிக்கையாளரிடம்தான் கலைஞரால் உண்மை பேச முடியும். உண்மை பேச முடிந்தால் பொம்மையும் வேறு விதமாக வரும். வெந்த பிறகு தெரியும் ஒரு கழுத்து விரிசலைப் பட்டி வைத்து அடைத்து, மேலே வண்ணம் பூசிவிடலாம். கொடுக்கும் நாளில் யாருக்கும் தெரியாது. ஒரு கோடை கடந்ததும் அந்த இடம் பிளந்து நிற்கும். புதிதாகச் செய்யவே நேரமில்லாதபோது கலைஞர் பட்டியைத்தான் எடுப்பார். தலையைச் சற்றுச் சாய்த்தால் கழுத்தில் இழுப்பு குறையும், தாத்தா செய்தித்தாளைப் பார்த்தபடி இருக்கட்டுமா என்று அவர் கேட்கக்கூடிய உரையாடலே அங்கே நடக்காமல் போகிறது. அந்த உரையாடல் நடந்திருந்தால், தாத்தா உண்மையிலேயே அப்படித்தான் தலை குனிந்து படிப்பார் என்பது பேத்திக்கு நினைவு வந்திருக்கும். பொறுத்திருந்தவர்களின் வீடுகளில் உள்ள பொம்மைகளுக்கு உயிர் கூடுதலாக இருப்பது இப்படித்தான் என்று நம்புகிறேன்.

பொறுமையாக இருப்பவர் வாய்மூடி இருக்க வேண்டும் என்பதில்லை. எப்போது பேச வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும். பச்சை மண்ணாக இருக்கும்போது மூக்கை உயர்த்தலாம், கையை மடக்கலாம், உட்கார்ந்தவரை நிற்க வைக்கக்கூட முடியும். அந்தக் கட்டத்தில் கலைஞர் படம் அனுப்பினால் உடனே பார்த்து, வீட்டில் எல்லோரிடமும் காட்டி, தெளிவாக ஒரே பதிலைச் சொல்வது நம் கடமை. நாம் அந்தப் படத்தைப் பார்க்காமல் மூன்று நாள் விட்டுவிடுகிறோம், மண் காய்ந்துவிடுகிறது. வெந்து வண்ணமும் பூசிய பிறகு அத்தை வந்து பார்த்து, “அண்ணனுக்கு இவ்வளவு பெரிய மீசை கிடையாதே” என்கிறார். தாமதத்தில் ஒரு பகுதி நம் வீட்டிலிருந்தே புறப்படுகிறது. ஆர்டர் கொடுத்த பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போவதும் அப்படித்தான். பாட்டி பக்கத்தில் ஒரு பூனை, பின்னால் ஒரு தூண், தூணில் ஒரு நாட்காட்டி. கேட்பவருக்கு ஒரு வரி. செய்பவருக்கு ஒவ்வொன்றும் ஒரு புது உருவம், ஒரு புது உலர்த்தல், ஒரு புது விரிசலுக்கான வாய்ப்பு. விலையை மட்டும் பழையபடியே வைத்துக்கொள்ளச் சொல்கிறோம்.

இப்போது சூளையோ பட்டறையோ இல்லாத இன்னொரு வகைக் கலைஞர்களும் வந்திருக்கிறார்கள். பெரும்பாலும் பெண்கள். ஓவனில் சுட வேண்டிய பாலிமர் களிமண், தானே காயும் களிமண், எம்-சீல் போன்றவற்றைக் கொண்டு சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து சிறு உருவங்கள் செய்கிறார்கள். நகக்கண் அளவு இட்லி, அதன் பக்கத்தில் கடுகளவு சட்னிக் கிண்ணம், முழு நீளத் தலைவாழை விருந்து, பல்லாங்குழி, அம்மி, ஆட்டுக்கல், ஒரு பழைய சமையலறை முழுவதும். பிறந்தநாள் பரிசாகவும் கொலுவுக்காகவும் சேகரிப்புக்காகவும் இவற்றைச் சொல்லி வாங்குகிறார்கள். மண் காயும் நேரம் இங்கே சிக்கலில்லை; இவர்களின் நேரம்தான் சிக்கல். பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு, மாமியாருக்கு மருந்து கொடுத்த பிறகு, இரவு பாத்திரம் கழுவிய பிறகு கிடைக்கும் நேரத்தில் செய்கிறார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அந்த வாரம் இல்லை. வீட்டில் இருப்பவர்களே இதை வேலை என்று ஏற்க மறுக்கும் சூழலில், வெளியிலிருந்து வரும் அதட்டல் அவர்களை இரண்டு பக்கமும் தாக்குகிறது. “சின்ன பொம்மைதானே, இதுக்கு இவ்வளவு நாளா?” என்ற கேள்வி அதில் மிகக் கொடியது. உருவம் சிறுக்கச் சிறுக்க வேலை குறைவதில்லை. கடுகளவில் ஒரு முறை கை நடுங்கினால் கிண்ணமே காணாமல் போகும்.

இவ்வளவு சொன்ன பிறகு, பொறுமைக்கு எல்லை உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக நடக்கும் கலைஞர்களுக்குச் செய்யும் துரோகம் ஆகும். தனியாகத் தொழில் செய்பவர்கள் விழும் பெரிய குழி ஒன்று இருக்கிறது. முதல் வாடிக்கையாளரின் அட்வான்ஸ் செலவாகிவிடுகிறது. அவருடைய பொம்மைக்குப் பொருள் வாங்க இரண்டாமவரிடம் அட்வான்ஸ் வாங்குகிறார். இரண்டாமவர் வேலைக்கு மூன்றாமவர். இப்படிப் போனால் ஒருநாள் இருபது பேருக்குப் பதில் சொல்ல வேண்டியவராக, ஒரு பொம்மையும் முடிக்காதவராக நிற்பார். பிறகு கைப்பேசியை எடுப்பதை நிறுத்துவார். இதில் ஏமாற்றும் எண்ணம் தொடக்கத்தில் இல்லாமல் இருக்கலாம். பணம் கொடுத்துக் காத்திருப்பவருக்கு அதனால் ஆறுதல் கிடையாது. தாமதத்தைப் பொறுக்கலாம், மௌனத்தைப் பொறுக்க வேண்டியதில்லை. உள்ளதைச் சொல்ல இடம் கொடுத்த பிறகும் ஒருவர் மறைத்தால், பழைய வேலை அப்படியே இருக்கப் புது ஆர்டர் வாங்கினால், பணத்தைத் திருப்பிக் கேட்பது தவறே இல்லை. பொறுமை இருபக்க ஒப்பந்தம். நாம் காலத்தைத் தருகிறோம், அவர் செய்தியைத் தர வேண்டும்.

அந்தக் குழியில் அவர் விழாமல் இருக்க நாமும் சிலவற்றைச் செய்யலாம். அட்வான்ஸைப் பேருக்கு ஒரு தொகையாகக் கொடுக்காமல், பொருளுக்கும் முதல் மாத உழைப்புக்கும் ஆகும்படி கொடுக்கலாம். உருவம் முடிந்ததும் ஒரு பகுதி, வெந்ததும் ஒரு பகுதி, கையில் வாங்கும்போது மீதி என்று பிரித்துக் கொடுத்தால், அடுத்தவர் பணத்தில் நம் பொம்மையைச் செய்ய வேண்டிய நிலை அவருக்கு வராது. எல்லாவற்றையும்விட, “இந்த வருஷம் புது ஆர்டர் எடுக்கல” என்று ஒரு கலைஞர் சொன்னால் அதை மதிக்க வேண்டும். “எனக்கு மட்டும் ஒண்ணே ஒண்ணு” என்று கெஞ்சி, தெரிந்தவரை வைத்துச் சிபாரிசு செய்து, இன்னொருவர் முறையில் நுழைவது அன்பு போலத் தோன்றும். அப்படி ஏற்றுக்கொள்ளும் அந்த ஒன்றில்தான் அவர் கணக்கு சரியத் தொடங்குகிறது.

குறித்த நாளுக்கு முடிவதே இல்லையா என்றால், முடிகிறது. அதற்கான ஏற்பாடு இருந்தால். கொல்கத்தாவில் சிலை செய்கிறவர்களின் பகுதியான குமார்துலியைப் பாருங்கள். நாம் கொலு வைக்கும் அதே நாட்களில் அங்கே துர்கா பூஜை. ஹூக்ளி ஆற்று மண்ணில் செய்யும் துர்க்கை ஒருநாள்கூடத் தள்ளிப்போக முடியாது. ரதயாத்திரை நாளிலேயே சிலையின் சட்டத்துக்குப் பூஜை போட்டு வேலையைத் தொடங்கும் மரபு அங்கே இருக்கிறது. மகாளய நாளில் கண் வரைவார்கள். ஊரே தன் பண்டிகையின் தேதியோடு சிற்பியின் தேதியையும் சேர்த்து நினைவில் வைத்திருக்கிறது. சுவாமிமலையில் வார்த்து, 2023 செப்டம்பரில் டெல்லி பாரத் மண்டபத்தின் முன் நிறுத்தப்பட்ட சுமார் 27 அடி உயர, 18 டன் எடையுள்ள நடராஜர் சிலையும் ஜி20 மாநாட்டுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்குப் பின்னால் அரசின் பணமும் பல கைகளின் இராப்பகல் உழைப்பும் இருந்தன. தனி ஆளாக உட்கார்ந்து நம் தாத்தாவைச் செய்பவரிடம் இரண்டு கைகள்தான் இருக்கின்றன. அவரிடம் ஓர் அரசின் வேகத்தை எதிர்பார்த்து, ஓர் அச்சுப் பொம்மையின் விலையைக் கொடுக்கிறோம்.

சேகரிப்பவர்களுக்குக் காலத்தின் மதிப்பு மற்ற எல்லோரையும்விட நன்றாகத் தெரிய வேண்டும் என்று எனக்குத் தோன்றும். ஒரு நல்ல கொலுவை யாரும் ஒரே நாளில் வாங்கிவிடுவதில்லை. கல்யாணத்தில் வந்த மரப்பாச்சி இணை, முதல் வருடம் மாமியார் கொடுத்த தசாவதாரம், பிறகு ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ புதிதாகச் சேர்ந்து, மூன்று படி ஐந்தாகி ஏழாகி, அம்மாவிடமிருந்து மகளுக்குப் போகும். அதைப் பார்த்துக்கொண்டே நின்றால் ஒரு குடும்பத்தின் வரலாறு தெரியும். நாற்பது ஆண்டுகளாக வளர்ந்து இன்னும் பல ஆண்டுகள் வளரப்போகும் ஒரு சேகரிப்பில், ஒரு பொம்மை ஓராண்டு தள்ளி வருவது குறையே அல்ல. இந்த வருடம் வராததை அடுத்த வருடம் வைக்கலாம். அவசரத்தில் அடைத்த விரிசலோடு வந்த பொம்மையைத்தான் எந்த வருடமும் சரியாக வைக்க முடியாது.

இவ்வளவையும் நடைமுறைக்குக் கொண்டுவர ஒரு வழிதான் எனக்குத் தெரிகிறது. விஜயதசமி முடிந்து, பொம்மைகளைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைக்கிறோமே, அந்த வாரத்திலேயே அடுத்த ஆண்டுக்கான ஆர்டரைக் கொடுத்துவிட வேண்டும். மழைக்காலத்தில், வேலையும் வருமானமும் இல்லாதபோது, அட்வான்ஸ் அவருக்குப் பெரிய ஆதரவு. படங்களைத் தேடி எடுக்கவும், தாத்தா எப்படி உட்காருவார் என்று வீட்டில் பேசி முடிவெடுக்கவும் நமக்கும் நேரம் கிடைக்கும். தை வெயிலில் அவர் மண்ணைத் தொடுவார். கொடுக்கும்போது இரண்டே நிபந்தனைகளைச் சொன்னால் போதும்: முடிந்தபோது கொடுங்கள், நடுவில் என்ன நடந்தாலும் உள்ளபடி சொல்லுங்கள். இரண்டாவது நிபந்தனையை அவர் காப்பாற்ற முடிவது, முதலாவதை நாம் எவ்வளவு உண்மையாகச் சொன்னோம் என்பதைப் பொறுத்தது.

இதை ஏதோ வாங்குபவர் பண்பாடு என்ற அளவில் நான் சொல்லவில்லை. பொம்மை செய்கிற வீடுகளில் பிள்ளைகள் படித்து வெளியே போகிறார்கள். போகட்டும், அது அவர்கள் உரிமை. ஆனால் மண்ணில் கை படிந்த ஒரு மகளோ மகனோ இந்தத் தொழிலில் தங்கலாமா என்று யோசிக்கும்போது வருமானத்தை மட்டும் பார்ப்பதில்லை. ஆவணியிலும் புரட்டாசியிலும் அப்பாவின் கைப்பேசியில் ஒலிக்கும் குரல்களையும் கேட்டுத்தான் வளர்கிறார்கள். அதட்டலுக்குப் பயந்து அப்பா பொய் சொல்வதையும், சொல்லிவிட்டுத் தலைகுனிவதையும் பார்க்கிறார்கள். அப்படி ஒரு வாழ்க்கை தனக்கு வேண்டாம் என்று ஒரு பிள்ளை முடிவெடுத்தால் அதில் தவறு காண முடியாது. அந்த முடிவில் நமக்கும் பங்கு இருக்கிறது. அடுத்த முறை அழைக்கும்போது, எப்போது கிடைக்கும் என்று கேட்பதற்கு முன்னால், வேலை எப்படிப் போகிறது என்று கேட்போம். அவர் சொல்வதை முழுவதும் கேட்போம். விரிசல் விட்டது என்று சொன்னால், மறுபடி செய்ய எவ்வளவு ஆகும், அதற்கு நான் என்ன தர வேண்டும் என்று கேட்போம்.